மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றித் துணி விற்பவர்களுக்கும் தைப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்



கார்த்திகை பிறந்துவிட்டால் உங்கள் தெருக்களில் நடமாடும் முகங்கள் மாறிவிடும். ஐரோப்பாவில் குளிர் இறங்கியதும் கிளம்பும் பயணக் குழுக்கள் சென்னையில் இறங்கி, மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், செட்டிநாடு என்று பார்த்துக்கொண்டே மதுரைக்கு வந்து சேர்கின்றன. இங்கே ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு. அதற்கடுத்த காலை தேக்கடிக்கு வண்டி ஏறிவிடுவார்கள். கிடைக்கும் ஒன்றரை நாளில் கோயில், திருமலை நாயக்கர் மஹால், காந்தி அருங்காட்சியகம் எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின், கையில் மிஞ்சும் இரண்டு மூன்று மணி நேரத்தில் அவர்களில் பலர் தேடிப் போவது துணிக்கடையைத்தான். இந்த மண்ணின் உடுப்பு ஒன்றை வாங்கி உடுத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறார்கள்.

வாங்கிப் போவது என்ன? யானைப் படம் அச்சிட்ட தொளதொள கால்சட்டை. ராஜஸ்தான் பாணி அச்சில் ஒரு மேல்சட்டை. பஷ்மினா என்று சொல்லிக் கொடுக்கப்படும் ஒரு சால்வை. மூன்றில் ஒன்றுகூட மதுரைத் துணி கிடையாது.

அடுத்த தெருவிலேயே மதுரையின் சுங்குடித் துணி இருக்கிறது. அளவெடுத்த அன்றைக்கே தைத்துக் கையில் கொடுக்கும் தையல்காரர்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். இப்படித் துணியும் தையலும் ஒரே இடத்தில் கிடைப்பது எல்லா ஊருக்கும் வாய்த்துவிடாது. அதனால்தான் இந்த மடல். வந்தவர்களுக்கு மதுரைத் துணியை எடுத்துக் காட்டுங்கள். அது எப்படி உண்டானது, எப்படித் துவைக்க வேண்டும், என்ன விலை என்பதை உள்ளது உள்ளபடி சொல்லி விற்பனை செய்யுங்கள். கேட்பது இவ்வளவுதான். இதைச் செய்யத் தடையாக இருப்பவை எவை, செய்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் வேட்டி. கோயிலுக்கு அருகில் கடை வைத்திருக்கும் உங்களிடம் அவசரமாக ஓடிவருகிறவர் பெரும்பாலும் அரைக்கால்சட்டை போட்ட ஆண். அந்த உடையோடு உள்ளே போக முடியாது என்பது கோயில் வாசலுக்குப் போனபிறகுதான் அவருக்குத் தெரிய வருகிறது. வழிகாட்டி அவசரப்படுத்துகிறார், குழு காத்திருக்கிறது. அந்த அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை அவர் இடுப்பில் சுற்றிவிட்டு அனுப்பிவிடுவது நடக்கத்தான் செய்கிறது. அவரோ அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஆயிரங்கால் மண்டபம் வரை நடக்கிறார். ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் போதும். புதிதாகக் கட்டுபவருக்கு எட்டு முழம் சுமை; நாலு முழம்தான் சரி. பருத்தியா, பாலியஸ்டர் கலந்ததா என்று சொல்லிக் கொடுங்கள். இடுப்பில் சுருட்டிச் செருகியபின் மேலே அவருடைய பெல்ட்டையே போட்டுக்கொள்ளலாம் என்று காட்டுங்கள். ஒட்டும் பட்டை வைத்த வேட்டி இருந்தால் அதையும் எடுத்துக் காட்டுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. கூட வந்த பெண் கையில்லாத மேல்சட்டையோடு நின்றால், தோளை மூட அவருக்கு ஏதாவது ஒரு துண்டு தேவைப்படும். அங்கே ஒரு சுங்குடித் துப்பட்டாவை எடுத்து நீட்டலாமே! கோயிலைச் சுற்றி வருவதற்குள் அந்தத் துணி அவருக்குப் பழகிவிடும்.

வேட்டி விற்கும் எவரும் சொல்லாமல் விடக்கூடாத ஒரு செய்தியும் மதுரையில் இருக்கிறது. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி காலையில், மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டிலிருந்து காந்தி முழங்கால் வரையிலான ஒற்றைத் துணியோடு வெளியே வந்தார். அதற்கு முன்பு வரை சட்டையும் தொப்பியும் அணிந்தவர் அவர். சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த ரயில் பயணத்தில் கதர் உடுத்தச் சொல்லிச் சக பயணிகளிடம் பேசியபோது, கதர் வாங்க எங்களுக்கு ஏது வசதி என்று அவர்கள் திருப்பிக் கேட்டது அவரை உலுக்கிவிட்டது. முதலில் அக்டோபர் 31 வரைக்கும்தான் இந்த உடை என்று அறிவித்தார். பிறகு உயிர் உள்ளவரை அதைக் கைவிடவில்லை. லண்டனில் வட்டமேசை மாநாட்டுக்குப் போனதும் இதே கோலத்தில்தான். அவர் தங்கிய அந்த வீட்டில் இன்று கதர்க் கடை நடக்கிறது. புது உடையில் அவர் முதன்முதலாக மக்கள்முன் நின்ற இடத்துக்கு இன்றும் காந்தி பொட்டல் என்றே பெயர். 1948இல் சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த துணி, தமுக்கத்தை ஒட்டிய ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உலகம் முழுவதும் தெரிந்த ஓர் உடை மாற்றம் உங்கள் கடையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நிகழ்ந்திருக்கிறது. அருங்காட்சியகத்தில் அந்தத் துணியைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு, அதைக் காந்தி உடுத்தத் தொடங்கிய தெரு எது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லலாம். ஒரு கதர் வேட்டியை விற்க இதைவிட நல்ல பேச்சு வேண்டியதில்லை.

இனி சுங்குடி. இதைப் பற்றி உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலருடைய பாட்டி வீட்டுத் திண்ணையில் நடந்த வேலை இது. ஆனால் வந்தவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியமர்ந்த சௌராஷ்டிர மக்களின் கைத்தொழில் என்பது தெரியாது. வெளுத்த பருத்தித் துணியை மடித்து, புள்ளி விழ வேண்டிய இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் துணியை விரல் நுனியால் கிள்ளியெடுத்து நூலால் இறுகக் கட்டுவார்கள் என்பது தெரியாது. கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டு வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் உட்கார்ந்து கட்டுவது. ஒரு சேலையில் ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். நெருக்கமான வேலைப்பாடு என்றால் பத்தாயிரத்தைத் தாண்டும். கட்டி முடிந்ததும் சாயத்தில் முக்குவார்கள். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்தபின் முடிச்சைப் பிரித்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் துணியில் சின்ன மேடாகப் புடைத்து நிற்கும்; தடவினால் விரலுக்குத் தெரியும். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி முடிச்சுப் போடாதது. மெழுகு அச்சு வைத்துச் சாயம் ஏற்றியது ஒரு வகை. ஸ்கிரீன் பிரிண்ட் மற்றொரு வகை. மதுரையிலும் சின்னாளபட்டியிலும் இவை ஏராளமாகத் தயாராகின்றன. மதுரைப் பெண்களில் பலர் வெயில் காலத்தில் உடுத்துவது இவற்றைத்தான். மெல்லிய பருத்தி, கையைக் கடிக்காத விலை, பளிச்சென்ற நிறம். அச்சுச் சேலையை விற்பதில் ஒரு தவறும் இல்லை. அதை முடிச்சுச் சுங்குடி என்று சொல்லி விற்பதுதான் தவறு. அது இரண்டு பேருக்குக் கேடு செய்கிறது. வாங்கியவர் ஊருக்குப் போய், விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டி, உண்மை தெரிந்து மனம் கசந்துபோகிறார். முடிச்சுப் போடும் பெண்ணோ, வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலைக்கு அச்சுத் துணியின் விலையே கூலிக்கு அளவுகோலாகிவிடுவதால், ஒருநாள் அந்த வேலையை விட்டுவிடுகிறார். அவருடைய மகள் அதைக் கற்றுக்கொள்வதே இல்லை.

கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில், ஒரே வடிவத்தில் இருக்கும். முடிச்சில் ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கும், ஒன்று கோணலாக இருக்கும். சில புள்ளிகளின் நடுவில் நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியில் சாயம் பிடித்து ஒரு பொட்டு தெரியும். இதைச் சொல்ல ஆங்கிலம் அதிகம் தேவையில்லை. விரலால் தொட்டுக் காட்டினாலே போதும். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் அப்போது தானே விளங்கிவிடும். வசதி உள்ளவர் முடிச்சுத் துணியை எடுப்பார். மற்றவர் அச்சுத் துணியை மனநிறைவோடு எடுத்துப் போவார்.

குஜராத்தில் பாந்தினித் துணி விற்கும் முறையிலிருந்து ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அங்கே முடிச்சைப் பிரிக்காமலேயே துணியைக் கடையில் வைத்திருப்பதுண்டு. வாங்குபவர் வந்ததும் அவர் கண்ணெதிரில் துணியின் இரு பக்கத்தையும் பிடித்து வெடுக்கென்று இழுப்பார்கள். முடிச்சுகள் படபடவென்று தெறித்துப் பிரியும். அதைப் பார்த்த எவருக்கும் இது கையால் கட்டியதா என்ற சந்தேகம் வராது. சுங்குடித் துப்பட்டாக்களில் சிலவற்றை இப்படி முடிச்சோடு வைத்திருந்து, கடைசிப் பிடி முடிச்சுகளை வாங்குபவர் கையாலேயே பிரிக்க விட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தையல்காரர்களுக்கு வருவோம். திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623 முதல் 1659 வரை) வசந்த விழாவுக்காகக் கட்டிய புது மண்டபத்தில், யாளிகளுக்கும் நாயக்க அரசர் சிலைகளுக்கும் இடையே உங்கள் தையல் எந்திரங்கள் பல தலைமுறைகளாக ஓடின. சாமிக்கு அலங்காரத் துணி, சித்திரைத் திருவிழாவில் அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சுவோர் அணியும் உடை, பள்ளிக்கூட நாடகத்துக்கு ராஜா வேடம் என்று எதைக் கேட்டாலும் தைத்துக் கொடுத்தவர்கள் நீங்கள். வெளிநாட்டார் உங்களைத் தெரிந்துகொண்டது வேறு ஒரு திறமையால். ஒருவர் தன் பழைய சட்டையைக் கொடுத்து, இதேபோல் இரண்டு வேண்டும் என்றால், கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்குள் பட்டன் வைத்துத் தயாராக இருக்கும். பயணக் கையேடுகள் இதை எழுதி எழுதியே புது மண்டபம் பெயர் பெற்றது.

இப்போது கடைகள் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சிற்பங்களுக்கு அது நல்லது. ஆனால் பழைய கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர் மண்டபத்தின் முன் வந்து நின்று விழிக்கிறார். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் “தையல்காரரா? வாருங்கள், நான் காட்டுகிறேன்” என்று எங்கேயோ அழைத்துப் போகிறார். நீங்கள் எல்லாரும் சேர்ந்து, மண்டபத்துக்கு எதிரே படத்தோடு ஒரு வழிகாட்டிப் பலகை வைக்க மாநகராட்சியிடம் கேளுங்கள். பெரிய செலவில்லை.

உங்கள் வேகத்தைப் பற்றி மறுபேச்சே கிடையாது. அந்த வேகத்தில் விட்டுப்போகும் ஒரு காரியத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். துணியை நனைக்காமல் வெட்டுகிறீர்கள். பருத்தித் துணி முதல் நனைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்குவது சாதாரணம். முப்பது அங்குல நீளத்தில் தைத்த குர்த்தா ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் குறைந்துபோகும். நம் ஊரில் குழாய்த் தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுவோம். அவர்கள் ஊரில் துணி துவைக்கும் எந்திரம் தண்ணீரை நாற்பது, அறுபது டிகிரி வரை சூடாக்கும். பிறகு உலர்த்தும் எந்திரம் வேறு. மதுரையில் கச்சிதமாக இருந்த கழுத்து பாரிஸில் மூச்சை முட்டும். இரவே துணியை நனைத்துக் காயப்போட்டு, காலையில் இஸ்திரி போட்டு வெட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே இரவு தங்குபவர்கள் என்பதால் முன்கூட்டியே நனைத்துக் காயவைத்த துணிகளை அடுக்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. “இது நனைத்த துணி” என்று சொல்லி அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கேட்டாலும் மறுக்காமல் கொடுப்பார்கள்.

ஜாக்கெட் தைப்பதில்தான் மனத்தாங்கல் அதிகம் வருகிறது. சேலையோடு வரும் ஜாக்கெட் துணி எண்பது சென்டிமீட்டர். பெரிய உடல்வாகு உள்ளவருக்கு, அதிலும் முழங்கை வரை கை வேண்டும் என்றால், அது போதாது. போதாது என்பதை அளவெடுக்கும்போதே சொல்லி, ஒத்த நிறத்தில் ஒரு மீட்டர் வாங்கி வரச் சொல்லிவிட வேண்டும். இழுத்துப் பிடித்துத் தைத்துவிட்டு, கொக்கி போட முடியாமல் அவர் ஹோட்டல் அறையில் கண்ணாடிமுன் நிற்கும்படி விடக்கூடாது. உள்ளே தையலுக்குத் தாராளமாகத் துணி விடுங்கள். வேறு ஊரில் இன்னொருவர் பிரித்து விடுவதற்காவது உதவும். இன்னொன்று, அளவெடுப்பது. முன்பின் தெரியாத ஆண் நாடாவோடு நெருங்கும்போது பல பெண்கள் கூசுகிறார்கள், சொல்லவும் தயங்குகிறார்கள். உங்கள் வீட்டுப் பெண்களில் தையல் தெரிந்த ஒருவர் பயணிகள் வரும் மாதங்களிலாவது கடையில் இருந்தால் அவர்களுக்கு நிம்மதி. “அக்கா அளவெடுப்பாங்க” என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

உயரத்தையும் கவனியுங்கள். சேலையின் அகலம் நாற்பத்தைந்து முதல் நாற்பத்தெட்டு அங்குலம். ஆறடி உயரப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து அங்குலச் சேலை கணுக்காலுக்கு மேலே நின்றுவிடும். எனவே அகலம் அளந்து எடுத்துக் கொடுங்கள். ஆயத்தமாகக் கிடைக்கும் உள்பாவாடையும் அவருக்குக் குட்டைதான். தைத்துக் கொடுப்பதே சரி. உள்பாவாடை என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. அதை வெளியே உடுத்தும் பாவாடை என்று நினைத்து வாங்கிக்கொண்டு போகும் வெளிநாட்டுப் பெண்கள் உண்டு. நாடா கட்டிய வெற்றுப் பருத்திப் பாவாடை அவர்கள் கண்ணுக்கு அழகாகத்தான் தெரிகிறது. அதை உடுத்திக்கொண்டு கோயில் வீதியில் நடக்கும்போது சுற்றியுள்ளவர்கள் சிரிப்பது ஏன் என்று அவர்களுக்குப் புரிவதில்லை. தெரிந்தே விற்றுவிட்டு வேடிக்கை பார்ப்பது மதுரைக்கு அழகில்லை. இது உள்ளே உடுத்துவது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதற்குப் பதில் நெய்த கரை வைத்த முழுப்பாவாடை ஒன்றைத் தைத்துக் கொடுங்கள்.

சேலை கட்டவே மாட்டேன், ஆனால் சுங்குடி பிடித்திருக்கிறது என்பவர்களும் வருவார்கள். ஐந்தரை மீட்டர் சேலையில் இரண்டு சட்டை தாராளமாக எழும். புள்ளிகள் மார்புப் பக்கம் வரும்படியும், கரை கையின் விளிம்பில் அமையும்படியும் வெட்டத் தெரிந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர். மதுரைத் துணி, மதுரைத் தையல், அவருக்குப் பழகிய சட்டை வடிவம். ஊருக்குப் போய் வாரம் ஒருமுறையாவது போட்டுக்கொள்வார். அலமாரியில் மடித்து வைத்த சேலையைவிட அந்தச் சட்டை நாலு பேர் கண்ணில் படும்.

துவைக்கும் முறையைச் சொல்லாமல் விட்டதால் என்ன நடந்தது என்பதற்கு நம் துணியின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் இந்தியா வந்து, பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டம்போட்ட துணியை வாங்கினார். அதில் பத்தாயிரம் கெஜம் நியூயார்க்கில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்குப் போனது. குளிர்ந்த தண்ணீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்று ஜேக்கப்சனிடம் சொல்லியிருந்தும், அந்தச் செய்தி வாங்கியவர்களைப் போய்ச் சேரவில்லை. சட்டையும் கால்சட்டையுமாக அதை வாங்கியவர்கள் எந்திரத்தில் போட்டார்கள்; சாயம் ஓடியது; புகார்கள் குவிந்தன; வழக்கு என்றுகூடப் பேச்சு எழுந்தது. பிறகு ‘செவன்டீன்’ இதழில் வந்த கட்டுரை, துவைக்கத் துவைக்க நிறம் மாறும் அதிசயக் கைத்தறித் துணி என்று அதை வருணித்ததால் நிலைமை தலைகீழாகி, சாயம் ஓடும் மெட்ராஸ் நாகரிகமாகிவிட்டது. நியூயார்க்கில் ஓர் இதழ் கைகொடுத்ததால் தப்பித்தார்கள். குன்னத்தூர் சத்திரத்தில் தைத்த சட்டையின் சாயம் லியோன் நகரத்தில் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பில் ஏறினால், கைகொடுக்க யாரும் வரமாட்டார்கள். ‘முதல் இரண்டு முறை தனியாக, கல்லுப்புப் போட்ட குளிர்ந்த நீரில்; நிழலில் உலர்த்தவும்’ என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

சால்வைக் கடைகளைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. மொட்டைமாடியிலிருந்து கோபுரத்தைப் படம் எடுக்கலாம், காசு வேண்டாம் என்று கூப்பிட்டு, இறங்கி வரும்போது கடை வழியாக வரவைப்பது கோயிலைச் சுற்றி வெகுகாலமாக நடப்பது. ஆட்டோவில் அழைத்து வந்தவருக்கும் வழிகாட்டிக்கும் கமிஷன் உண்டு. அது வாங்குபவரின் விலையில்தான் ஏறும். காஷ்மீரிலிருந்து பிழைக்க வந்து இங்கே கடை வைத்திருப்பவர்கள்மேல் இந்த மடலுக்கு எந்த வருத்தமும் இல்லை. கையால் நூற்று, கையால் நெய்த பஷ்மினா ஒரு பெரிய கலை. காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வருத்தமெல்லாம் விஸ்கோஸ் சால்வையை மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டி, இதோ பஷ்மினா என்று சொல்வதன்மேல்தான். மெல்லிய விஸ்கோஸும் மோதிரத்துக்குள் நுழையும். பஷ்மினாவில் ஒரு நூலை எடுத்துக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும். விஸ்கோஸில் காகிதம் எரியும் வாடை. ஷாதூஷ் என்ற பெயரை யாரும் வாயில்கூட எடுக்கக்கூடாது. திபெத்திய மானைக் கொன்று எடுக்கும் அந்த உரோமத்தின் வணிகம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் பன்னாட்டு உடன்படிக்கையின்படியும் குற்றம். போலியாகவே இருந்தாலும், அந்தப் பெயரை நம்பி வாங்கியவர் தன் ஊர் விமான நிலையத்தில் பதில் சொல்ல நேரும்.

விலை. ஒரே துண்டுக்கு உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெள்ளைக்காரருக்கு நாலு மடங்கு என்ற பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அவர்களிடம் காசு இருக்கிறது, கொடுத்தால் என்ன என்று ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது. வருகிறவர்களில் பலர் ஆண்டெல்லாம் மிச்சம்பிடித்து வரும் ஆசிரியர்கள், செவிலியர்கள், ஓய்வுபெற்றவர்கள். பேரம் பேசிப் பழக்கமில்லாத அவர்களில் எத்தனையோ பேர் விலையைக் கேட்டதுமே ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் இழந்த அந்த விற்பனை உங்கள் கணக்கில் எங்கும் தெரிவதில்லை. 1935 முதல் நடக்கும் கோ-ஆப்டெக்ஸிலும் கதர்க் கடைகளிலும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது. அங்கே அவர்கள் தயக்கமில்லாமல் கூடையை நிரப்புவதைப் பார்க்கலாம். சேலையோடு நெய்தவரின் படத்தையும் பெயரையும் சேர்த்துக் கொடுத்ததும் கோ-ஆப்டெக்ஸ்தான். அந்தச் சீட்டைச் சேலையைவிடப் பத்திரமாக எடுத்துப்போனவர்கள் உண்டு. உங்கள் துணியில் முடிச்சுக் கட்டியவர் சம்மதித்தால் அவர் பெயரையும் தெருவையும் அப்படி எழுதிக் கொடுக்கலாம். பணம் வாங்கும் வழியையும் கொஞ்சம் விரிவாக்க வேண்டும். கடையில் க்யூஆர் அட்டை மட்டும் இருந்தால் அவர்களில் பலரால் பணம் கட்ட முடியாது. வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று 2023இல் யு.பி.ஐ. ஒன் வேர்ல்டு வந்திருந்தாலும் அதை வைத்திருப்பவர்கள் குறைவு. நாலைந்து கடைகள் சேர்ந்தாவது வெளிநாட்டு அட்டையை ஏற்கும் ஒரு கருவி வைத்துக்கொள்ளலாம்.

சிலர் கண்ணாடிமுன் நின்றுகொண்டு தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்பார்கள்: “இதை நாங்கள் உடுத்தலாமா? யாரும் வருத்தப்பட மாட்டார்களே?” இன்னொரு நாட்டவரின் உடையை உடுத்துவது அவர்களை அவமதிப்பதாகுமோ என்ற பேச்சு அவர்கள் ஊரில் இப்போது அதிகம், அதனால் வரும் உண்மையான தயக்கம் இது. சிரித்து மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். இந்த ஊருக்கு இது புதிதல்ல. இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்து காவி உடுத்தி, மரக்கட்டைச் செருப்புப் போட்டு, தத்துவ போதகர் என்ற பெயரோடு இந்த ஊரில் வாழ்ந்தார். அந்த உடையை எதிர்த்தவர்கள் அவருடைய திருச்சபைக்குள்ளேதான் இருந்தார்கள். விவகாரம் ரோம் வரைக்கும் போய், 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.  சேலையைச் சரியாகக் கட்டிக்கொண்டு வீதியில் நடக்கும் வெளிநாட்டுப் பெண்ணைப் பார்த்தால் பூக்காரம்மா கூப்பிட்டு ஒரு முழம் மல்லிகையைத் தலையில் வைத்துவிடும் ஊர் இது. தாராளமாக உடுத்தலாம் என்று சொல்லுங்கள். கோயிலுக்குள் எதுவரை போகலாம், சன்னிதிகளுக்குள் இந்துக்கள் அல்லாதோர் போக முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். சேலை கட்டியதால் அந்த விதி மாறிவிடும் என்று நம்பிப் போய் வாசலில் திருப்பி அனுப்பப்படுவது அவர்களுக்குப் பெரிய மனவருத்தம்.

கடைசியாக உங்கள் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். குன்னத்தூர் சத்திரத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, முடிச்சுக் கட்டத் தெரிந்த இரண்டு பெண்களைச் சீசன் முழுக்க அங்கே உட்காரவைக்க வேண்டும். துணிக்கான கூலியோடு, உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கும் தனியாக நாட்கூலி தர வேண்டும். அதை எல்லாக் கடைகளும் பங்கிட்டுக்கொண்டால் ஒரு கடைக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பத்து முடிச்சாவது போட்டுப் பார்க்கட்டும். கட்டிய கைக்குட்டையை அங்கேயே சாயத்தில் முக்கி, மாலையில் பிரித்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அதற்கு ஒரு கட்டணம் வைக்கலாம். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கை, தொழில் கற்க வரும் பெண்களின் பயிற்சிக்கு என்று எழுதி வையுங்கள். இடம் கேட்டு மாநகராட்சிக்கும், பயிற்சிக்கு உதவி கேட்டுக் கைத்தறித் துறைக்கும் இந்த மாதமே மனுக் கொடுத்தால், பயணக் குழுக்கள் வரத் தொடங்குவதற்குள் மேசையும் சாயத் தொட்டியும் தயாராகிவிடும்.

அன்புடன்,
சுங்குடி உடுத்தி வளர்ந்த மதுரைக்காரர் ஒருவர்